தோலில் படை, வயிற்றில் ஊசி

முழங்கையில் படை இருக்கிறது. அதற்குக் களிம்பு தருகிறார்கள். நோய் இருக்கும் இடத்திலேயே மருந்து படுவதால் அது எல்லோருக்கும் புரிகிறது. சில காலம் கழித்து, அதே படைக்கு வயிற்றுத் தோலின் கீழே ஊசி போடலாம் என்று வைத்தியர் சொல்லும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. வயிற்றில் போட்ட ஊசி முழங்கைக்கு எப்படிப் போய்ச் சேரும்? அவ்வளவு நல்ல மருந்து என்றால் அதையே களிம்பாக்கித் தரக்கூடாதா?

எல்ல, தெமோதரை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிளினிக் கொப்பியோடு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறும் ஒருவருக்கு இது வெறும் ஆர்வத்தில் எழும் கேள்வி அல்ல. கிளினிக் நாளில் பேர் (நாள்வேலைக் கணக்கு) விழாது, அன்றைய சம்பளமும் இல்லை. எந்த மருந்து எதற்காகத் தரப்படுகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு முழு உரிமை இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் அந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை காண்போம். நடுவில் சிறு கணக்கொன்றும் போடுவோம். களிம்பு ஏன் பலருக்குத் தோற்றுப்போகிறது என்பதை அந்தக் கணக்கே காட்டிவிடும்.

இது ஒட்டும் நோய் அல்ல

இந்தப் படை நோயின் பெயர் சொரியாசிஸ். அதன் மிகப் பரவலான வகை தடித்த படையாக வருவது. சிவந்தோ, நம் நிறத்தோலில் ஊதாவும் சாம்பலும் கலந்தோ தெரியும் திட்டு. விளிம்பு தெளிவாக இருக்கும். மேலே வெள்ளிச் செதில். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்பக்கம் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள்.

செதில் உதிர்வதைப் பார்த்ததும் லயத்தில் அக்கம்பக்கத்தார் ஒதுங்குவதுண்டு. தொழுநோயாக இருக்குமோ என்ற பயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. இலங்கையில் அந்தப் பயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒல்லாந்தர் ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென ஆஸ்பத்திரி கட்டியது 1708 இல். மருத்துவ உலகமே நெடுங்காலம் இந்த இரு நோய்களையும் குழப்பிக்கொண்டிருந்தது. 1841 இல் வியன்னாவின் பெர்டினாண்ட் ஹெப்ரா அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தொழுநோய்த் தேமலில் தொடுவுணர்வு குறையும். சொரியாசிஸ் படையில் உணர்வு நன்றாகவே இருக்கும், பலருக்கு அரிப்பும் இருக்கும். சொரியாசிஸுக்குக் காரணமான கிருமி என்று ஒன்று இல்லை. தொட்டால், ஒரே பாயில் படுத்தால், ஒரே பீலியில் குளித்தால் அது பரவாது. 2014 இல் உலக சுகாதாரப் பேரவை, இது தொற்றாத, கடுமையான, நீடித்த நோய் என்று தீர்மானமே நிறைவேற்றியது.

வாட்டாத கொழுந்து

மேற்றோலின் அடியில் புதிய கலங்கள் (செல்கள்) ஓயாமல் பிறக்கின்றன. அவை மெல்ல மேலே ஏறி, தட்டையாகி, இறந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்கின்றன. அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். சொரியாசிஸ் படையில் இந்தப் பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. பக்டரியில் கொழுந்தை வாட்டாமல் நேரே அரைக்கத் தள்ளினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகிறது. பக்குவப்படாத கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே மேலே குவிகின்றன. அந்தக் குவியலே செதில்.

கலங்களை இப்படி விரட்டுவது எது? தோல்தான் கெட்டுப்போயிருக்கிறது என்றே நெடுநாள் நினைத்தார்கள். 1979 இல் வெளியான ஒரு சிறு அவதானிப்பு அந்த எண்ணத்தை மாற்றியது. மூட்டுநோய்க்காகச் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, சொரியாசிஸும் இருந்தவர்களின் படைகள் மறைந்தன. அந்த மருந்து தோலைத் தொடுவதில்லை. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பை, இலங்கைப் பாடநூல்கள் நிர்ப்பீடனம் என்று சொல்வதை, அடக்குவதுதான் அதன் வேலை.

அதன் பிறகு படம் தெளிவானது. கிருமியை எதிர்க்க வேண்டிய வெண்குழியங்களில் சில, கிருமி இல்லாமலேயே தோலுக்குள் வந்து முகாமிடுகின்றன. அங்கிருந்து சிறு புரதங்களைச் சுரந்து ‘பெருகு, பெருகு’ என்று தோல் கலங்களைத் தூண்டுகின்றன. இவற்றைச் செய்திப் புரதங்கள் என்று அழைப்போம். இந்த நோயில் மூன்று செய்திப் புரதங்கள் முக்கியமானவை: டிஎன்எஃப், இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-23. நோய் தெரியும் இடம் தோல். அதைத் தூண்டும் கலங்களோ இரத்தத்தோடு உடல் முழுதும் சுற்றுகின்றன. களிம்பு, ஊசி என்ற இரண்டு வழிகளும் இங்கிருந்துதான் பிரிகின்றன.

களிம்பு என்ன செய்கிறது

பூசும் மருந்துகளில் பழையவை தார், சலிசிலிக் அமிலம், டைத்ரனோல். டைத்ரனோலின் கதையில் நம் பக்கத்து ஊர் ஒன்று வருகிறது. பிரேசிலில் வளரும் அராரோபா மரத்தின் தூளைப் போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுவந்தனர். அது ‘கோவாப் பொடி’ என்ற பெயரில் இந்தியாவில் படைக்குப் பூசப்பட்டது. 1876 இல் லண்டன் தோல் வைத்தியர் பல்மனோ ஸ்கொயர் அது சொரியாசிஸுக்கு உதவுவதைக் கண்டு எழுதினார். முதல் உலகப்போர்க் காலத்தில், 1916 இல், ஜேர்மனியில் அதைப் போன்ற பொருளை ஆய்வுகூடத்தில் செய்தார்கள். அதுவே டைத்ரனோல். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் துணியையும் தோலையும் கறையாக்கும்.

இன்று அதிகம் தரப்படுபவை இரண்டு. ஒன்று ஸ்டீரொயிட் களிம்பு: பெட்டாமெதசோன், அதைவிட வலிய குளோபெட்டசோல். இவை படையில் முகாமிட்டிருக்கும் வெண்குழியங்களை அமைதிப்படுத்தும். மற்றது விற்றமின் டி வழிவந்த கல்சிபோட்ரியோல். இது தோல் கலங்களின் அவசரத்தைக் குறைத்துப் பக்குவப்பட வைக்கும். 1985 இல் ஜப்பானில், எலும்புத் தேய்வுக்காக விற்றமின் டி வகை மருந்து எடுத்த ஒருவரின் சொரியாசிஸ் மாறியதிலிருந்தே இந்த வழி திறந்தது. இரண்டையும் சேர்த்த களிம்பு, தனித்தனியாகப் பூசுவதைவிடப் பொதுவாக நன்றாக வேலை செய்கிறது.

களிம்பின் பெரிய நன்மை, அது பூசிய இடத்தில் மட்டும் வேலை செய்வது. உடலின் மற்றப் பாகத்தை அது அநேகமாகத் தொடுவதில்லை. அதன் பெரிய குறையும் அதுவேதான்.

500 என்ற வேலி

அந்த நல்ல ஊசி மருந்தையே களிம்பாக்கினால் என்ன? தோலின் மேலே இறந்த கலங்களும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய படலம் இருக்கிறது. ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தடிப்பில்லாத இந்தப் படலம்தான் மழையையும் தூசியையும் கிருமியையும் வெளியே நிறுத்துகிறது. மருந்தையும் அது நிறுத்தும். எதை உள்ளே விடும் என்பதற்கு ஒரு தோராய விதி உண்டு. மூலக்கூற்றின் எடை 500 அலகைத் தாண்டினால் அது நல்ல தோலைக் கடப்பது அரிது. தண்ணீரின் எடை 18. கல்சிபோட்ரியோல் ஏறக்குறைய 413, குளோபெட்டசோல் புரோப்பியனேட் 467. இரண்டும் வேலிக்கு உள்ளே வரக்கூடியவை.

ஊசியாக வரும் புதிய மருந்துகளோ பிறபொருளெதிரிகள். உடல் தானே செய்யும் பாதுகாப்புப் புரதத்தைப் போல, ஒரே ஒரு செய்திப் புரதத்தை மட்டும் பிடிக்கும்படி ஆய்வுகூடத்தில் செய்யப்பட்டவை. அவற்றின் எடை ஏறக்குறைய 1,50,000. வேலியின் அளவைப்போல 300 மடங்கு. எவ்வளவு தேய்த்தாலும் அது தோலுக்குள் போகாது. மாத்திரையாக விழுங்கினால், இரைப்பை அதைப் பருப்பையும் முட்டையையும் செரிப்பது போலச் செரித்துவிடும். மிஞ்சும் வழி ஊசிதான்.

வயிற்றில் போடக் காரணம், அங்கே தோலுக்குக் கீழே கொழுப்பு இருப்பதும் நோயாளி தானே போட்டுக்கொள்ள எளிதாக இருப்பதும்தான். தொடையிலும் போடலாம். மருந்து அங்கிருந்து மெதுவாக நிணநீரில் கலந்து, இரத்தத்துக்கு வந்து, இரத்தம் போகும் இடமெல்லாம் போகிறது. முழங்கைக்கும் போகிறது, தலைக்கும் போகிறது, கை எட்டாத முதுகுக்கும் போகிறது. உடல் தன் சொந்தப் பிறபொருளெதிரிகளை வாரக்கணக்கில் பத்திரப்படுத்துவது போல இவற்றையும் வைத்திருக்கும். செகுகினுமாப் என்ற மருந்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 27 நாட்கள் ஆகும். அதனால்தான் தொடக்க வாரங்களுக்குப் பிறகு மாதம் ஒரு முறை போட்டாலே போதுமாகிறது.

ஊசி என்றால் எந்த ஊசி?

‘ஊசி போட்டாங்க, மாறிடுச்சு’ என்று ஒருவர் சொன்னால் எந்த ஊசி என்று கேட்க வேண்டும். மூன்று வேறு வேறு மருந்துகள் அந்த ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, உடல் முழுதும் பரவும் ஸ்டீரொயிட் ஊசி. சில நாட்களில் படை மறைவது போலத் தோன்றும். மருந்து தீர்ந்ததும் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். சிலருக்கு உடலெங்கும் சீழ்க்கொப்புளமாக, உயிருக்கே ஆபத்தாக வெடிக்கலாம். எனவே தடித்த படை சொரியாசிஸுக்கு இதை வழக்கமான வைத்தியமாகத் தருவதில்லை. (ஒரு சிறு தடித்த படைக்குள்ளோ நகத்தடியிலோ நிபுணர் சிறிதளவு ஸ்டீரொயிட் செலுத்துவது வேறு.)

இரண்டாவது மெதோட்ரெக்சேட். இது பழைய, மலிவான மருந்து. மாத்திரையாகவும் வரும், ஊசியாகவும் வரும். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அந்த ஒரு நாள் எது என்பதைக் கொப்பியில் பெரிய எழுத்தில் குறித்துக்கொள்வது நல்லது. ஈரலையும் இரத்தக் கலங்களையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். மதுவோடு சேரவே கூடாது. கருவுற்றவரும் கருத்தரிக்க எண்ணுபவரும் இதைத் தொடக்கூடாது.

மூன்றாவதுதான் நாம் மேலே பார்த்த பிறபொருளெதிரி ஊசி. டிஎன்எஃப்பைத் தடுக்கும் அடலிமுமாப், இன்டர்லூகின்-17ஐத் தடுக்கும் செகுகினுமாப், இன்டர்லூகின்-23ஐத் தடுக்கும் ரிசாங்கிசுமாப் போன்றவை இந்தக் குடும்பம்.

ஒரு கணக்கு

இனி வாக்களித்த கணக்கு. எல்லவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நாற்பது வயது அக்கா ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், முன்னங்கை, கால், இடுப்பு ஆகிய இடங்களில் படை. தோல் கீறப்பட்ட இடத்திலும் உராயும் இடத்திலும் புதிய படை முளைப்பது இந்த நோயின் குணம். 1870களில் ஜேர்மன் வைத்தியர் கோப்னர் விவரித்தது இது. தேயிலை மிலாறு கீறும் முன்னங்கையும், கூடைக்கயிறு அழுத்தும் உச்சந்தலையும், படங்கு இறுகும் இடுப்பும் அப்படிப்பட்ட இடங்களே.

படையின் பரப்பை அளக்க அவருடைய கையே போதும். விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, உடற்பரப்பில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அவருடைய படைகள் மொத்தம் பத்துக் கை அளவு என்று வைத்துக்கொள்வோம். அதாவது உடலில் 10 சதவீதம்.

களிம்பை அளக்கவும் விரல் போதும். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை குழாயிலிருந்து பிதுக்கினால் அது ஏறக்குறைய அரைக் கிராம். 1991 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் முன்வைத்த இந்த அளவை விரல்நுனி அளவு என்போம். ஒரு விரல்நுனி அளவு இரண்டு கைப் பரப்புக்குப் போதும்.

இனிக் கூட்டிப் பார்ப்போம். பத்துக் கைப் பரப்புக்கு ஐந்து விரல்நுனி அளவு, அதாவது இரண்டரைக் கிராம். காலையும் மாலையும் பூசினால் நாளுக்கு 5 கிராம். 15 கிராம் குழாய் ஒன்று மூன்று நாளில் தீர்ந்துவிடும். நான்கு வாரத்துக்கு 140 கிராம், ஒன்பது குழாய்க்கு மேல்.

அந்த அக்காவுக்கு மாதத்துக்கு இரண்டு குழாய் கிடைத்தால் என்ன நடக்கும்? ஆறு நாளுக்குத்தான் வரும். மீதி நாட்கள் மருந்தே இல்லை. அல்லது இருப்பதை ஐந்தில் ஒரு பங்காகத் தேய்த்துத் தேய்த்துப் பூசுவார். அடுத்த கிளினிக்கில் அவர் சொல்லப்போவது ‘களிம்பு கேட்கல சேர்’ என்பதாகத்தான் இருக்கும். உண்மையில் தோற்றது களிம்பல்ல. களிம்பு அவர் தோலுக்குப் போய்ச் சேரவே இல்லை.

நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பெரட்டுக்களத்துக்கு ஓடுகிறவர். லயத்துக் காம்பராவில் தனியிடம் கிடையாது. இடுப்பின் பின்பக்கத்துக்குக் கை எட்டாது. பூசிய பசையோடு கூடை சுமக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு நாளுக்கு இரண்டு முறை என்றால் 730 தடவை. செகுகினுமாப் முதல் வருடத்தில் 16 வேளை, ரிசாங்கிசுமாப் 5 வேளை.

இதற்கு மேல் இன்னொரு தடையும் உண்டு. குளோபெட்டசோல் போன்ற வலிய ஸ்டீரொயிட்டை இவ்வளவு பெரிய பரப்பில் மாதக்கணக்கில் பூசவே கூடாது. வாரத்துக்கு 50 கிராமுக்கு மேலும், தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேலும் வேண்டாம் என்பது வழிகாட்டல். மீறினால் தோல் மெலியும், கோடுகள் விழும், நிறுத்தியதும் நோய் சீறும்.

இப்போது அதே கணக்கை இரண்டு கை அளவுப் படை உள்ள ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒரு கிராம். ஒரு குழாய் இரண்டு வாரம் வரும். அவருக்கு விலையுயர்ந்த ஊசி எதற்கு? நோய் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், அதன் பரப்பு வேறு. பரப்புதான் வழியை மாற்றுகிறது.

எது சிறந்தது என்று கேட்பதில் உள்ள பிழை

ஆய்வு எண்களைப் பார்த்தால் ஊசியே வெல்வது போலத் தெரியும். 2008 இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், படையின் கடுமை நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ குறைந்தவர்களை 16 வாரத்தில் எண்ணினார்கள். அடலிமுமாப் பெற்றவர்களில் 100க்கு 80 பேர், மெதோட்ரெக்சேட் மாத்திரை எடுத்தவர்களில் 36 பேர், மருந்தற்ற வெற்று மருந்து பெற்றவர்களில் 19 பேர். 2017 இல் வெளியான இன்னோர் ஆய்வில், மெதோட்ரெக்சேட்டைத் தோலடி ஊசியாகப் போட்டபோது 100க்கு 41 பேர் அந்த நிலையை எட்டினர்.

இந்த எண்களைக் களிம்பு ஆய்வின் எண்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. ஊசி ஆய்வுகளில் சேர்க்கப்படுபவர்கள் பொதுவாக உடலில் 10 சதவீதமோ அதற்கு மேலோ படை உள்ளவர்கள். களிம்பு ஆய்வுகளில் பெரும்பாலும் நோய் குறைவாக உள்ளவர்கள். ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் கொக்ரேன் அமைப்பும் களிம்புகளுக்கு ஒரு தொகுப்பும் உடல் முழுதும் வேலை செய்யும் மருந்துகளுக்கு வேறொரு தொகுப்புமாகத்தான் வெளியிட்டிருக்கிறது. நடைமுறையிலும் இரண்டும் கைகோக்கின்றன. ஊசி பெறுபவருக்கும் விடாப்பிடியான ஒரு படைக்குக் களிம்பு தேவைப்படலாம். இரண்டில் எதுவும் நோயை வேரோடு தீர்ப்பதில்லை. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு நாளடைவில் படை திரும்பும்.

பரப்பு சிறிதானாலும் ஊசி தேவைப்படும்போது

பரப்பு மட்டும் பார்த்தால் போதாது. உள்ளங்கையில் ஒரே ஒரு வெடித்த படை, கொழுந்து பறிப்பவரின் பிழைப்பையே நிறுத்திவிடும். சொரியாசிஸ் உள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை மூட்டழற்சியும் அடையலாம். காலையில் விரல் மடங்க மறுக்கிறதா, ஒரு விரல் முழுதும் தடித்து வீங்கியிருக்கிறதா, நகத்தில் ஊசி குத்தியது போலச் சிறு குழிகள் இருக்கின்றனவா? இவற்றை ‘வேலைக் களைப்பு’ என்று விட்டுவிடக்கூடாது. களிம்பு மூட்டுக்குப் போகாது. காலம் தாழ்ந்தால் மூட்டு கோணலாகி நிற்கும், பிறகு எந்த ஊசியும் அதை நிமிர்த்தாது.

ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

டிஎன்எஃப் என்ற செய்திப் புரதத்துக்கு ஒரு நல்ல வேலையும் உண்டு. நுரையீரலில் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து அடைத்துவைக்க அது உதவுகிறது. அதைத் தடுத்தால் கிருமி விழித்தெழலாம். ஒரே காம்பராவில் பலர் உறங்கும் லயங்களில், வீட்டில் முன்பு யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெஞ்சுப் படம், தோல் சோதனை, ஹெப்படைட்டிஸ் பி சோதனை ஆகியவற்றை முடித்த பிறகே ஊசி. இன்டர்லூகின்-17, 23 ஊசிகளில் காசநோய் ஆபத்துக் குறைவு என்றாலும் சோதனையைத் தவிர்ப்பதில்லை.

புரத மருந்துக்கு 2 முதல் 8 பாகை வரை குளிர் வேண்டும். எல்ல கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருந்தாலும் மலைக் குளிர் குளிர்சாதனப் பெட்டிக்கு ஈடாகாது. ஐஸோடு நேரே ஒட்டி உறைந்தாலும் மருந்து கெட்டுவிடும். வீட்டில் பெட்டி இல்லாதவர் ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்வது பற்றிக் கேட்கலாம்.

விலை இன்னும் பெரிய தடை. இலங்கையில் அரசு வைத்தியம் இலவசம், ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துகளே தட்டுப்பட்டதை நாடே பார்த்தது. நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. காப்புரிமை முடிந்த ஊசிகளுக்கு நிகரான மருந்துகள் வருகின்றன. அடலிமுமாப்பின் உலக முதல் நிகர் மருந்தை 2014 இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது இந்தியாவின் சைடஸ் கடிலா. களிம்புக்கும் ஊசிக்கும் இடையில் இன்னொரு வழியான ஒளிச் சிகிச்சையும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு அதனால் எத்தனை நாள் பேர் போகும் என்பதையும் எண்ண வேண்டும்.

தெரிவு எங்கே நிற்கிறது

ஆகவே களிம்பா, ஊசியா என்பதை மருந்தின் வலிமை மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை கை அளவுப் படை, எந்த இடத்தில், மூட்டு நோகிறதா, அந்த மனிதர் ஒரு நாளில் உண்மையிலேயே எவ்வளவு பூச முடியும் என்ற நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நான்கையும் கேட்காமல் ‘களிம்பு கேட்கல’ என்று எழுதிவிட்டால், ஊசி தேவைப்படாதவருக்கு ஊசி போகும். தேவைப்படுகிறவர் இரண்டு குழாயோடு வருடக்கணக்கில் அலைவார்.

அடுத்த கிளினிக்குக்குப் போகுமுன் உங்கள் படைகளை உங்கள் கையால் அளந்து, கொப்பியில் அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். போன மாதம் எத்தனை குழாய் தீர்ந்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். விரல் வீக்கம் இருந்தால் அதையும் சேருங்கள். இந்த மூன்று குறிப்பும் எதிரே இருந்தால், நேரமில்லாத கிளினிக்கிலும் வைத்தியர் உங்களுக்குரிய வழியைச் சரியாகத் தெரிவுசெய்ய முடியும். போதாத களிம்பைக் கொடுத்து, களிம்பு தோற்றது என்று நோயாளியின் கணக்கில் எழுதும் வழக்கமும் அப்போதுதான் நிற்கும்.